பொலிஸ், தீயணைப்பு இரண்டுக்கும் ஒரே பயிற்சிக் கட்டடம் போதுமா?

வணக்கம். ஹட்டன் பக்கம் மூடிக் கிடக்கும் தேயிலை ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) ஒன்றும் அதைச் சுற்றி 80 பேர்ச் நிலமும் கிடைக்கலாம், பொலிஸாரும் தீயணைப்பு வீரர்களும் பழக அதில் நாலு மாடிக் கட்டடம் எழுப்புவதற்கு எப்படிப் பிளான் போடுவது, பழைய ஸ்டோருக்குள்ளேயே தீ மூட்டிப் பழகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எத்தனை மாடி என்பது பின்னால் வருகிற விஷயம். உங்கள் கேள்வியின் அடியில் இருப்பது வேறொன்று: நெருப்புக்குள் நுழைகிறவருக்கும் மனிதரைக் கையாளப் போகிறவருக்கும் ஒரே கூரை பொருந்துமா? பொருந்தாது. ஒரே மைதானம் நன்றாகப் பொருந்தும். ஆகவே ஒரு பெரிய கட்டடத்தை விட்டுவிட்டு, நாலைந்து சிறிய கட்டமைப்புகளும் அவற்றை இணைக்கும் ஒரு முற்றமும் என்று யோசியுங்கள்.

காரணம் இதுதான். திரும்பத் திரும்ப எரிக்கிற அறையில் எதுவும் நிலைக்காது. கதவு கோணும், யன்னல் சட்டம் வளையும், வயர் உருகும், சுவரின் ஒவ்வொரு துளையிலும் கரி ஏறும். பொலிஸ் பயிற்சிக்கு வேண்டியதோ கட்டில், அலுமாரி, திரைச்சீலை, மின்விளக்கு, கமரா எல்லாம் இருக்கிற, ஆள் குடியிருப்பது போன்ற வீடு. கரி படிந்த அறையில் சுவாசக் கருவி இல்லாமல் மணிக்கணக்காக நிற்பதும் உடம்புக்குக் கேடு. 2022 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம், தீயணைப்பாளராக வேலை செய்வதால் ஏற்படும் தாக்கங்களையே புற்றுநோயை உண்டாக்குபவற்றின் முதலாம் தொகுதியில் சேர்த்தது. அந்தக் கரியைப் பொலிஸாரின் சீருடையிலும் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம்.

பிளான் வரைபவரிடம் போவதற்கு முன்னால், என்னென்ன பயிற்சி நடக்கப்போகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மலையகத்துக்கு அந்தத் தாள் கொழும்பிலிருப்பது போல இராது. லயன் எனப்படும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில் தீ; கீழே கடை மேலே குடும்பம் என்றிருக்கும் பஸார்க் கட்டடத்தில் தீ; மண்சரிவில் புதைந்த வீடு; வளைவில் பள்ளத்துக்குள் பாய்ந்த பஸ்; வீட்டுச் சண்டைக்குப் போன பொலிஸார்; பூட்டிய அறைக்குள் கத்தியோடு ஒருவர்; காணாமற்போன பிள்ளை. ஒவ்வொரு சுவருக்கும் ஒவ்வொரு படிக்கட்டுக்கும் இந்தத் தாளில் ஒரு பதில் இருக்க வேண்டும். பதில் இல்லாத சுவரைக் கட்டாதீர்கள்.

இங்கே முதலில் கட்ட வேண்டியது கோபுரம் அல்ல, லயன். 10க்கு 12 அடிக் காம்பரா (அறை), முன்னால் இஸ்தோப்பு (திண்ணை), பின்னால் விறகடுப்புக் குசினி. பழைய லயன்கள் பலவற்றில் காம்பராக்களுக்கு இடையிலான சுவர் கூரைவரை போவதில்லை. தகரத்துக்குக் கீழே ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வெறும் வெளி. சீலிங் அடித்திருந்தால் அது கண்ணுக்கும் படாது. ஒரு குசினியில் பற்றிய நெருப்பின் சூடான புகை மேலே ஏறி, அந்த வெளிக்குள் பக்கவாட்டில் ஓடி, நாலு காம்பரா தள்ளி மேலிருந்து இறங்கும். எரிகிற வாசலில் நின்று தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கும்போதே வரிசை முழுவதும் போய்விடுவது இதனால்தான். ஆகவே வீரர் பழக வேண்டியது, எரிகிற இடத்தை ஒரு குழுவிடம் விட்டுவிட்டு, இரண்டு காம்பரா தள்ளிக் கூரைத்தகரத்தைத் திறந்து, நெருப்பு வருமுன் அங்கே தண்ணீரோடு காத்திருப்பது.

அதற்காக நாலு காம்பரா நீளத்துக்கு ஒரு மாதிரி லயன் கட்டுங்கள். இடைச்சுவர் 7 அடியோடு நிற்கட்டும். கூரைக்கு மரம் வேண்டாம், இரும்புச் சட்டம் போடுங்கள். மூன்று இடங்களில் தகரத்தைத் தனிச் சட்டத்தில் பொருத்தி, வெட்டிய பிறகு கழற்றி மாற்றக்கூடியதாக வையுங்கள். தகரத்தின் மேல் நேரே மிதிக்க விடாதீர்கள். முகட்டில் கொளுவும் கூரை ஏணியில் நின்றுதான் வெட்ட வேண்டும். இரண்டு யன்னல்களுக்குக் கம்பி போடுங்கள், ஏனென்றால் உண்மை வீட்டில் ஆள் மாட்டிக்கொள்வது அந்தக் கம்பிக்குப் பின்னால்தான். 12 மில்லிமீற்றர்க் கம்பியை இரும்புக் குழாய்த் துண்டுகளுக்குள் செருகி வைத்தால், ஒவ்வொரு முறையும் வெட்டிய கம்பியை மட்டும் மாற்றலாம், சட்டம் நிற்கும். கதவுக்கும் அப்படியே: உள்தாழ்ப்பாள் இருக்கும் இடத்தில் மரக்கட்டை ஒன்றைச் செருகும் பொறி வைத்தால், உடைவது கட்டை மட்டும். இந்த லயனுக்குள் எக்காலத்திலும் தீ மூட்டாதீர்கள். மேடையில் பயன்படுத்தும் புகை இயந்திரம் ஒன்றின் குழாயைக் கூரை வெளிக்குள் விட்டால் புகையின் ஓட்டம் கண்முன்னே தெரியும். பழைய லயனிலிருந்து அஸ்பெஸ்டோஸ் தகடு இலவசமாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வாங்க வேண்டாம். அதை வெட்டினால் நார் பறக்கும்.

உண்மையான நெருப்புக்கு ஒரு 20 அடிக் கொண்டெய்னர் போதும். உள்ளே சுமார் 19 அடி நீளம், ஏழே முக்கால் அடி அகலம், உயரமும் ஏறக்குறைய அவ்வளவே. அதை அப்படியே கொண்டுவந்து எரிப்பதுதான் வழக்கமான தவறு. தரையில் இருக்கும் பிளைவூட்டில் பெரும்பாலும் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள்; அதை முழுவதும் கழற்றிவிட்டு இரும்புத் தகடும் செங்கல்லும் போடுங்கள். பழைய பூச்சையும் உள்ளிருந்து சுரண்டி எடுங்கள். நெருப்பு ஒரு முனையில், சற்று உயர்ந்த மேடையில் இருக்க வேண்டும். அந்த முனையின் சுவரிலிருந்து இரண்டு அங்குல இடைவெளி விட்டு உள்ளே இன்னொரு தகடு நிறுத்துங்கள். வெந்து வளைவது அந்தத் தகடாக இருக்கட்டும், கொண்டெய்னராக வேண்டாம். மாணவர் இருக்கும் பக்கத்தில் வழக்கமான இரட்டைக் கதவோடு, பக்கச் சுவரிலும் ஒரு கதவு வெட்ட வேண்டும். இரண்டும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும், எதிலும் பூட்டோ கொளுக்கியோ இருக்கக்கூடாது. கூரையில் இரண்டடிச் சதுரத் திறப்பு ஒன்று, வெளியே நிற்பவர் நெம்புகோலால் ஒரே இழுப்பில் திறக்கும்படி. சாதாரண இரும்பு 550 முதல் 600 பாகை செல்சியஸ் அளவில் ஏறக்குறையப் பாதி வலுவை இழந்துவிடும். அதனால் எரிக்கும் கொண்டெய்னரின் தலைமேல் இன்னொன்றை அடுக்கி ஆட்களை ஏற்றுவதானால், மேலுள்ளதைத் தாங்கத் தனி இரும்புச் சட்டகம் வேண்டும்.

கொங்கிறீட்டில் எரிக்கும் அறை கட்டலாமே என்று சிலர் சொல்வார்கள். கட்டலாம், ஆனால் சூடு தாங்கும் உட்பூச்சுப் பலகை இல்லாமல் கட்டக்கூடாது. நமது ஈரக்காற்றில் கொங்கிறீட் எப்போதும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும். திடீரென்று சூடேறும்போது அந்தத் தண்ணீர் ஆவியாகி, வெளியேற வழியின்றிக் கொங்கிறீட்டைத் துண்டு துண்டாகத் தெறிக்க வைக்கும். முகத்தருகே தெறித்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. உட்பூச்சு போட்டாலும், நீண்ட மழைக்குப் பிறகு முதல் நாள் சிறு தீயாக மூட்டி மெதுவாக உலர்த்திய பிறகுதான் ஆட்களை உள்ளே விட வேண்டும்.

எரிபொருள் விஷயத்தில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. காய்ந்த, மருந்து ஏற்றாத மரமும் வைக்கோலும் மட்டும். மரப் பலேட்டில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள்: எச்.டி. (HT) என்றால் சூட்டால் பதப்படுத்தியது, எரிக்கலாம். எம்.பி. (MB) என்றால் மெதைல் புரோமைட் அடித்தது, தொடவே வேண்டாம். மண்ணெண்ணெய், பெற்றோல், டயர், பிளாஸ்ரிக், மெத்தை எதுவும் கூடாது. 2001 இல் நியூயோர்க் மாநிலத்தின் லேயர்ட்ஸ்வில் என்ற ஊரில் பழைய வீடொன்றில் பயிற்சித் தீ மூட்டியபோது, கீழ்த்தளத்தில் நுரை மெத்தை பற்றிக்கொண்டது. மேல்மாடியில் காயப்பட்டவராக நடித்துக்கொண்டிருந்த புதிய வீரர் இறந்துபோனார். அதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன: நுரை வேண்டாம், தீ மூட்டும் பயிற்சியில் உயிருள்ள ஆளை நோயாளியாகப் படுக்க வைக்கவும் வேண்டாம். உரச்சாக்கில் மணல் நிரப்பிக் கைகால் தைத்த பொம்மை போதும்.

ஈர விறகு இங்கே பெரிய பிரச்சினை. ஈர விறகு புகைந்துகொண்டே இருக்கும், வகுப்புக்கு நேரம் போகும், யாராவது ஒருவர் மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுப்பார். ஆகவே விறகுக் கொட்டகையையும் கட்டடத்தின் ஒரு பகுதியாகவே பிளானில் போடுங்கள்: தரையிலிருந்து ஓரடி உயரத்தில் சட்டத் தளம், நாலு பக்கமும் காற்றோட்டம். ஒவ்வொரு முறையும் விறகைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். காய்ந்த மரம் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 16, 17 மெகாஜூல் வெப்பம் தரும். 40 கிலோ என்றால் 650 சொச்சம். தொடக்க வகுப்புக்கு அதுவே தாராளம். வெப்பமானிகளை ஓரடி, நாலடி உயரங்களிலும் கூரையோரத்திலும் பொருத்தி, எண் வெளியே நிற்பவருக்குத் தெரியும்படி வையுங்கள். நாலடி உயரத்தில் 120 பாகை தாண்டினால் கூரைத் திறப்பைத் திறப்பது தொடக்கநிலைக்குப் பாதுகாப்பான பக்கம். இந்த 120 சட்டம் அல்ல, பயிற்றுநருக்குப் பயிற்றுநர் மாறும். ஆனால் ஏதோ ஒரு எண் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு கிடையாது.

பழைய ஸ்டோருக்குள் தீ மூட்டலாமா என்றால், கூடாது. இரும்புத் தூணும் மரத்தளமுமாக உயர்ந்து நிற்கும் பழைய ஸ்டோர்களில், மேல்மாடிப் பலகை எங்கே கறையான் அரித்திருக்கிறது என்று வெளியே தெரியாது. கூரையில் அஸ்பெஸ்டோஸ், சுவரில் ஈயப் பூச்சு, பலகை இடுக்குகளில் பல வருடத்துத் தேயிலைத் தூசு எல்லாம் இருக்கலாம். தீ இல்லாத பயிற்சிக்கு, அதாவது இருட்டில் தேடுதல், மாடியிலிருந்து ஆளை இறக்குதல் போன்றவற்றுக்கு, ஒரு கட்டமைப்புப் பொறியியலாளர் தளம் தளமாகப் பார்த்து எழுதிக்கொடுத்த பகுதிகளை மட்டும் பயன்படுத்தலாம்.

தண்ணீருக்கு வருவோம். அமெரிக்காவின் தேசிய தீப்பாதுகாப்புச் சங்கத்தின் (NFPA) 1403 என்ற நியமம் நெருப்புப் பயிற்சிக்கென்றே எழுதப்பட்டது. நமக்கு அது சட்டமில்லை, ஆனாலும் கைக்கொள்ளத் தக்கது. ஒரு பயிற்றுநருக்கு ஐந்து மாணவருக்கு மேல் கூடாது. ஒவ்வொரு குழாய் வரிசையும் நிமிடத்துக்குக் குறைந்தது 360 லீற்றர் தர வேண்டும். நெருப்பைத் தாக்கும் வரிசைக்கும், அவர்களுக்குப் பின்னால் காவலாக நிற்கும் காப்பு வரிசைக்கும் வெவ்வேறு தண்ணீர் மூலம் வேண்டும் என்கிறது. இரண்டு வரிசை அரை மணி நேரம் ஓடினால் 21,600 லீற்றர். ஆகவே 25,000 லீற்றர்த் தொட்டி ஒன்று, அதோடு காப்பு வரிசைக்குத் தனியாக ஒரு தொட்டியோ பவுசரோ (தண்ணீர் லொறி). ஒரே தொட்டியில் இரண்டு வால்வு போட்டுவிட்டு இரண்டு மூலம் என்று கணக்குக் காட்ட வேண்டாம்.

உயரம் இங்கே இரண்டு விதமாகக் கைவைக்கும். கடல்மட்டத்தில் கோட்பாட்டளவில் 10.3 மீற்றர் ஆழத்திலிருந்து உறிஞ்சக்கூடிய பம்ப், 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் 8 மீற்றரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஹட்டனில் 9க்குச் சற்றுக் குறைவு. நடைமுறையில் 6 மீற்றருக்கு மேல் நம்ப வேண்டாம். பெற்றோல் என்ஜினின் வலுவும் ஆயிரம் மீற்றருக்குச் சுமார் பத்து வீதம் குறையும். இரண்டாவது, லயன் இருக்கும் இடத்துக்குத் தீயணைப்பு வண்டி பெரும்பாலும் போகாது. ரோட்டில் நிறுத்திவிட்டுப் படிக்கட்டு வழியே குழாயைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதனால் உங்கள் நிலத்தின் சரிவைச் சமப்படுத்திவிடாதீர்கள், அதுவே சிறந்த பயிற்சிக் கருவி. மாதிரி லயனை வண்டி நிற்கும் இடத்திலிருந்து ஒடுங்கிய படிக்கட்டால் மட்டும் எட்டக்கூடிய இடத்தில் வையுங்கள். நிமிடத்துக்கு 360 லீற்றர் ஓடும்போது 45 மில்லிமீற்றர்க் குழாயில் 30 மீற்றருக்குச் சுமார் ஒரு பார் அழுத்தம் உராய்விலேயே போய்விடும்; 150 மீற்றருக்கு ஐந்து பார். அதையே 120 மீற்றர் 65 மில்லிமீற்றர்க் குழாயிலும் கடைசி 30 மீற்றரை மட்டும் 45 இலும் விரித்தால் ஒன்றரை பாரோடு முடியும். ஏற்றம் என்றால் 10 மீற்றருக்கு ஒரு பார் கூட்டுங்கள், இறக்கம் என்றால் கழியுங்கள். இந்தக் கணக்கை வகுப்பறைப் பலகையில் எழுதினால் மறந்துபோகும், படிக்கட்டில் குழாயை இழுத்தவருக்கு மறக்காது.

ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது என்பதில் கட்டாயம் கண் வையுங்கள். ஒரு நாளைக்கு இருபதாயிரம் லீற்றரைச் சரிவில் விட்டால் மண் ஊறும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்த மீரியாபெத்தவில் லயன்களின் மேல் மலை இறங்கியதை நாம் யாரும் மறக்கவில்லை. தொட்டியை வெட்டிய மண்மேட்டின் விளிம்பில் வைக்காதீர்கள். முற்றம் முழுவதும் கொங்கிறீட் பூசி, கரையோரம் சீமெந்து வாய்க்கால் போட்டு, எல்லாத் தண்ணீரையும் ஒரு படிவுத் தொட்டிக்குக் கொண்டுவாருங்கள். கரி அடியில் படிந்த பின் தெளிந்ததை வடிகட்டித் திரும்பவும் பயிற்சிக்கே எடுக்கலாம். கீழே பீலித் தண்ணீர் (மலை ஊற்றிலிருந்து வரும் தண்ணீர்) குடிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன என்றால் ஒரு சொட்டும் ஓடைக்குப் போகக்கூடாது. நுரை அடித்துப் பழகுவதானால் புளோரின் இல்லாத பயிற்சி நுரை மட்டும். எதையும் வெட்டுமுன், கொட்டுமுன், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீட்டைப் பெறுங்கள். உங்கள் 80 பேர்ச்சில் எந்த மூலை கட்டத் தகுந்தது என்பதை அந்த அறிக்கைதான் சொல்ல முடியும், இணையத்தில் எழுதும் எவரும் சொல்ல முடியாது.

புகையும் அப்படித்தான். அதிகாலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி வழியும், புகையும் அதோடு கீழே உள்ள லயன்களுக்குள் இறங்கிப் படுத்துவிடும். வெயில் ஏறி, காற்று மேல்நோக்கித் திரும்பிய பிறகு, பத்து மணிக்கு மேல் மூட்டுங்கள்.

நாலு மாடிக் கோபுரம் தேவையா? எங்கள் பஸார்களின் உயரத்துக்கு மூன்று தளம் போதுமென்பது என் கருத்து. உள்ளே இரண்டு விதப் படி வேண்டும்: ஒன்று சாதாரண அகலம், மற்றது கடைமேல் வீடுகளில் இருப்பது போல இரண்டரை அடி அகலத்தில் செங்குத்தானது. கீழ்த்தள வாசலில் கடைகளுக்குப் போடும் உருளைக் கதவு, வெட்டிய தகட்டை மாற்றும்படி. ஒரு பக்கச் சுவரில் யன்னலே வேண்டாம். கயிற்றில் இறங்கவும், பள்ளத்திலிருந்து ஸ்ட்ரெச்சர் தூக்கிப் பழகவும் அது வேண்டும். உச்சியில் கயிறு கட்டும் ஒவ்வொரு பிடியும் 22 கிலோநியூற்றன், அதாவது ஏறக்குறைய 2.2 தொன் எடை, தாங்க வேண்டும், ஆளுக்கும் காப்புக் கயிற்றுக்கும் தனித்தனிப் பிடி. ஏணி சாத்தும் பக்கத்தில், 8 மீற்றர் உயரத்துக்கு அடி 2 மீற்றர் தள்ளி நிற்கும் என்று கணக்கிட்டு அங்கே மட்டம் விடுங்கள்.

பொலிஸ் வீடு கூரையில்லாத வீடாக இருப்பது நல்லது. அதன்மேல் மழைக்குத் தனியாக உயரமான தகரக் கொட்டகை. சுவருக்கு மேலே மூன்றடி அகல நடைபாதை போட்டால், பயிற்றுநர் மேலிருந்து எல்லா அறைகளையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். உட்சுவர்களை 8க்கு 4 அடிப் பிளைவூட் பலகைகளாக இரும்புச் சட்டத்தில் செய்து, தரையிலுள்ள குழிகளில் செருகுங்கள். அரை மணித்தியாலத்தில் வீட்டின் அமைப்பையே மாற்றிவிடலாம். ஒரே அமைப்பில் மூன்று தரம் பழகியவர் வீட்டை மனப்பாடம் செய்துவிடுவார், பிறகு அது பயிற்சி ஆகாது. உண்மைத் துப்பாக்கியும் தோட்டாவும் இந்த எல்லைக்குள் வரக்கூடாது. வாசலில் தாமே ஒரு தரம், சகா ஒரு தரம், பயிற்றுநர் ஒரு தரம் என்று மூன்று சோதனை. பயிற்சி ஆயுதத்துக்கு வேறு நிறம். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: வீட்டுக்காரராக நடிப்பவர் தமிழில் மட்டும் பேசட்டும். தமிழ் தெரியாத அதிகாரி ஒருவர் பயந்துபோன அம்மாவிடம் "வெளியே வாங்க, ஒன்றும் ஆகாது" என்று சொல்லப் பழகுவது, கதவை உடைக்கப் பழகுவதைவிட அதிக உயிரைக் காக்கும்.

இரண்டு சேவைகளும் ஒரே மைதானத்துக்கு வரும் பயன் முற்றத்தில்தான். லயன் எரியும்போது நகையையும் அடையாள அட்டையையும் எடுக்கத் திரும்ப ஓடுகிறவர்களை யார் மறிப்பது, ஒடுங்கிய ரோட்டில் இரண்டாவது வண்டிக்கு யார் வழி விடுவது, உள்ளே இன்னும் எத்தனை பேர் என்ற பட்டியல் யார் கையில் இருப்பது, அணைத்த பிறகு தடயத்தை மிதிக்காமல் எப்படிக் கையளிப்பது: இவை தனித்தனியே பழகினால் வராது. மண்சரிவுக்கும் ஒரு மூலை ஒதுக்குங்கள். மூன்றடி விட்டமுள்ள கொங்கிறீட் குழாய்களை மண்ணுக்கடியில் கோணல்மாணலாகப் புதைத்து, பத்தடிக்கு ஒரு மூடி வைத்தால், தவழ்ந்து தேடவும் பழகலாம், யாருக்காவது மூச்சுத் திணறினால் உடனே மேலே எடுக்கவும் முடியும்.

எல்லா இடத்துக்கும் ஒரே நிறுத்தற் சொல், ஒரே விசில் ஒலி. அதைக் கேட்டதும் விளக்கு முழுவதும் எரிய வேண்டும், புகை இயந்திரம் நிற்க வேண்டும், விசிறி ஓட வேண்டும். இவை எல்லாவற்றையும் ஒரே தட்டில் செய்யும் ஆளியை (சுவிட்சை) இரண்டு இடங்களில் வையுங்கள்.

எரிவாயு அடுப்பு முறையில் தீயை உண்டாக்குவது நல்லதா விறகா என்பதில் துறைக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. வாயுவை நொடியில் அணைக்கலாம், புகையும் குறைவு. ஆனால் அது உண்மைத் தீ போலப் பரவிக் காட்டாது. நம்முடைய சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் சரிவில் இறங்கிக் குழியிலும் வாய்க்காலிலும் தேங்கும். குளிரில் பியூற்றேன் அதிகமுள்ள சிலிண்டரிலிருந்து போதிய அழுத்தமும் வராது. தரைமட்டக் கசிவுமானி, இரட்டை அடைப்பு வால்வு, அவற்றைப் பராமரிக்க ஒரு தொழில்நுட்பவியலாளர் மூன்றும் நிரந்தரமாக இல்லாத இடத்தில் நான் விறகின் பக்கம்தான்.

உங்களிடமிருந்து மூன்று விஷயம் தெரிந்தால் இன்னும் திட்டமாக எழுதலாம்: நிலத்தின் சரிவு எந்தத் திசைக்கு இறங்குகிறது, அதற்குக் கீழே மிக அருகிலுள்ள லயன் எவ்வளவு தூரம், தீயணைப்பு வண்டி எந்த இடம்வரை வந்து திரும்பும். அதுவரை செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. சுண்ணாம்பும் கயிறும் எடுத்து, லயன், கொண்டெய்னர், கோபுரம், பொலிஸ் வீடு எல்லாவற்றையும் உண்மை அளவில் நிலத்திலேயே கோடு போடுங்கள். இரண்டு சேவைகளிலிருந்தும் பயிற்றுநர்களைக் கூட்டிவந்து, குழாயை இழுத்துக்கொண்டும் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டும் அந்தக் கோடுகளுக்குள் நடக்கச் சொல்லுங்கள். எங்கே முட்டுகிறார்களோ அங்கே கோட்டை அழித்துத் திரும்பப் போடுங்கள்.